செடிக்கு ஒரு விரற்கடைப் புல்

சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் புல்தரை வெட்டும் நாளன்று வாசலில் சாக்கு மூட்டைகள் சேர்ந்துவிடுகின்றன. உள்ளே இருப்பது அப்போதுதான் வெட்டிய பச்சைப் புல். மறுநாள் குப்பை வண்டி அதை ஏற்றிக்கொண்டு போய்விடும். அதே கட்டடத்தின் மொட்டை மாடியில் கத்தரியும் வெண்டையும் வளர்ப்பவர் தென்னை நார்க்கழிவையும் மண்புழு உரத்தையும் காசு கொடுத்து வாங்கி, மூச்சிரைக்க மேலே தூக்கிச் செல்கிறார். உலர் எடையை வைத்துப் பார்த்தால், வண்டியில் போகும் புல் தழைச்சத்தில் (நைட்ரஜன்) அந்த உரத்துக்குச் சளைத்ததே அல்ல.

புல்லை மூடாக்காக, அதாவது செடியைச் சுற்றி மண்ணை மூடும் போர்வையாக, போட்டுப் பார்த்துவிட்டுக் கைவிட்டவர்களும் நிறைய இருக்கிறார்கள். நாற்றம் அடிக்கிறது, கொழகொழவென்று ஆகிவிடுகிறது, செடி வாடிவிட்டது என்பார்கள். பல ஆண்டுகளாகப் புல்லைப் போட்டு நல்ல விளைச்சல் எடுப்பவர்களும் உண்டு. இரு தரப்பும் சொல்வது உண்மைதான். புல்லை நல்ல மூடாக்காக ஆக்குகிற குணங்களே, அதைக் கனமாகக் கொட்டும்போது கெடுக்கவும் செய்கின்றன. எப்படி என்று புரிந்துகொண்டால் எவ்வளவு போடுவது, எப்போது போடுவது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

முதலில் தண்ணீரின் கதை. ஒரு சதுர மீட்டர் மண்ணிலிருந்து 1 மில்லிமீட்டர் நீர் ஆவியானால் இழப்பு 1 லிட்டர். அந்த ஒரு லிட்டரை ஆவியாக்க ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதை வெயில் தருகிறது. உண்டான ஆவியைக் காற்று அள்ளிக்கொண்டு போகிறது. கத்திரி வெயில் காலத்தில் சென்னையில் முற்பகல் முழுவதும் மேற்கிலிருந்து வறண்ட தரைக்காற்று வீசும். கடற்காற்று ஊருக்குள் நுழைந்த பிறகுதான் காற்றில் ஈரம் கூடும். அது தாமதமாக வரும் நாட்களில் மாடித்தோட்டம் படும் பாட்டைச் செடிகளைப் பார்த்தாலே தெரியும்.

மண்ணிலிருந்து நீர் ஒரே வேகத்தில் போவதில்லை. நீர் ஊற்றிய புதிதில் மேற்பரப்பு ஈரமாக இருக்கும். அப்படி இருக்கும்வரை, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, மண் துகள்களுக்கு இடையிலான நுண்ணிய இடுக்குகள் வழியே அடியிலிருக்கும் நீர் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். இந்தக் கட்டத்தில் வெயிலும் காற்றும் எவ்வளவு கேட்கின்றனவோ அவ்வளவையும் மண் கொடுத்துவிடும். பிறகு மேல்மண் காய்ந்ததும் அந்த நீர்த்தொடர் அறுந்துவிடுகிறது. அதன்பின் ஆவி மண்ணின் துளைகள் வழியே மெல்லப் பரவித்தான் வெளியேற முடியும். இழப்பு சட்டென்று குறைந்துவிடுகிறது. மேல்மண்ணைக் கொத்திவிட்டால் ஈரம் காக்கும் என்று நம் விவசாயிகள் சொல்வதும் இதனால்தான்: கொத்தும்போது அந்த இடுக்குகள் கலைந்துவிடுகின்றன.

மூடாக்கின் பெரிய உதவி அந்த முதல் கட்டத்தில்தான். புல் வெயிலை மறைக்கிறது. இலைகளுக்கு இடையில் சிக்கிய காற்று அசையாமல் நிற்பதால் மண்ணுக்கு மேலே ஈரக்காற்றின் ஒரு படலம் தங்குகிறது. உலர்ந்த இலைகளுக்கு இடையிலுள்ள இடைவெளிகள் பெரியவை என்பதால் மண்ணிலிருந்து நீர் அவற்றில் ஏற முடியாது. ஆகவே தினமும் தண்ணீர் ஊற்றும் மாடித்தொட்டிக்கே மூடாக்கின் பலன் அதிகம். வாரம் ஒரு முறை மட்டும் நீர் பார்க்கும் நிலத்தில் காய்ந்த மேல்மண்ணே பாதி வேலையைச் செய்துவிடும்.

நம்பாதவர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். செடி நடாத ஒரே அளவுத் தொட்டிகள் இரண்டை எடுத்து, ஒரே மண்ணை நிரப்பி, ஒரே அளவு நீர் ஊற்றுங்கள். ஒன்றின் மேல் மட்டும் உலர்ந்த புல்லைப் பரப்புங்கள். பயணப் பெட்டியை எடை போடும் கொக்கித் தராசு இருந்தால் போதும். அடியில் நீர் வடிந்து நின்ற பிறகு, இரண்டையும் தினமும் காலையில் தூக்கி எடை பாருங்கள். குறையும் ஒவ்வொரு 100 கிராமும் காற்றில் போன 100 மில்லி நீர். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு வரிசையில் நின்ற ஊர் இது. இந்தக் கணக்கு நமக்கு அற்பமானதாகத் தோன்றக் கூடாது.

வெப்பமும் குறைகிறது. உச்சி வெயிலில் மூடாத வறண்ட மண்ணின் மேற்பரப்பு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டில் மேல்மட்டத்து மெல்லிய வேர்கள் பிழைக்காது. புல் அந்தச் சூட்டைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஆனால் மாடித்தொட்டியின் பக்கவாட்டிலும், கீழே கான்கிரீட் தளத்திலிருந்தும் வரும் வெப்பத்தை மூடாக்கு தடுக்காது. அதற்குத் தொட்டிகளை நெருக்கி வைப்பதும் செங்கல் மேல் தூக்கி வைப்பதும்தான் வழி.

இனி உணவின் கதை. மூடாக்காகப் பயன்படும் பொருள்களில் புல்லைத் தனித்து நிறுத்துவது இதுதான். மண்ணில் வாழும் நுண்ணுயிர்களின் உடலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு ஏறக்குறைய எட்டுப் பங்கு கரிமம் (கார்பன்) இருக்கிறது. தின்னும் கரிமத்தில் பெரும் பகுதியை அவை மூச்சாக வெளியே விட்டுவிடுவதால், ஒன்றுக்கு 24 என்ற விகிதத்தில் உணவு கிடைத்தால் அவற்றுக்குச் சரியாக இருக்கும். வைக்கோலில் இந்த விகிதம் ஒன்றுக்கு 80 அளவில் இருக்கிறது. மரத்தூளில் பல நூறு. அவற்றை மண்ணோடு கலந்தால் நுண்ணுயிர்கள் பற்றாக்குறைத் தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும், செடி வெளிறிப்போகும். வெட்டிய புல்லில் கரிமம் 15 முதல் 20 பங்குதான். நுண்ணுயிர்கள் வயிறாரத் தின்ற பிறகும் தழைச்சத்து மிஞ்சும். மிஞ்சியது செடிக்கு.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 10 கிலோ பச்சைப் புல்லில் நீர் போக 2 கிலோ உலர்பொருள் தேறும். அதில் 3 சதவீதம் தழைச்சத்து என்று வைத்துக்கொண்டால் 60 கிராம். அது 130 கிராம் யூரியாவில் இருப்பதற்குச் சமம். அதில் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும் என்பதை மறக்கக் கூடாது. மீதி யூரியாவைப்போல ஒரே மூச்சில் கரைந்து ஓடாமல், மட்கும் வேகத்தில் வாரக்கணக்கில் மண்ணில் இறங்கும். கூடவே சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) கணிசமாகக் கிடைக்கும்.

கனமாகக் கொட்டினால் கெடுவதற்கும் இதே செழிப்புதான் காரணம். பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் நீர். இலை மெல்லியது, மென்மையானது. அரை அடி உயரத்துக்குக் குவித்தால் தன் எடையிலேயே அமுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உள்ளே நுண்ணுயிர்களுக்கு விருந்து. அவை ஆக்சிஜனைத் தீர்க்கும் வேகத்துக்கு வெளியிலிருந்து வந்து சேராது; நீர் நிரம்பிய இடுக்கில் ஆக்சிஜன் பரவுவது காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாக. ஆக்சிஜன் தீர்ந்ததும் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் பொறுப்பேற்கின்றன. அவை வெளியிடும் கரிம அமிலங்களும் ஹைட்ரஜன் சல்பைடும்தான் அந்த நாற்றம். காற்று ஓரளவு கிடைக்கும் இடங்களிலோ சூடு ஏறும். வெட்டிப்போட்ட பெரிய குவியலுக்குள் மறுநாள் கையை விட்டால் சுடும். 60 டிகிரி வரைகூடப் போகும். அந்தச் சூடு தண்டை ஒட்டி இருந்தால் பட்டை வெந்துவிடும்.

கவனிக்கப்படாத இன்னொரு கெடுதலும் உண்டு. குவியலின் மேல்பகுதி காய்ந்து தகடுபோல இறுகிவிடும். ஊற்றும் தண்ணீர் அதன் மேல் ஓடிப் பக்கவாட்டில் வழிந்துவிடும். அடியில் புல் அழுகிக்கொண்டிருக்க, அதற்குக் கீழே மண் வறண்டு கிடக்கும். மூடாக்குப் போட்டும் செடி வாடியது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் கண்டது இதைத்தான்.

ஆகவே பச்சையாகப் போடுவதென்றால் ஒரு விரற்கடை உயரத்துக்கு மேல் வேண்டாம். அது காய்ந்து சுருங்கிய பிறகு அடுத்த அடுக்கு. முன்னதாகவே மாடியில் பரப்பி, இடையில் ஒரு முறை புரட்டிவிட்டு, கையில் எடுத்தால் சலசலக்கும் பதத்துக்கு உலர்த்திவிட்டால் மூன்று விரற்கடை வரை தாராளமாகப் போடலாம். மே மாத வெயிலுக்கு ஓரிரு நாள் போதும். வேப்பஞ்சருகு, புங்கஞ்சருகு, தூங்குமூஞ்சி மரத்தின் சின்ன இலை என்று தெருவில் கிடைப்பதைக் கலந்தால் புல் ஒட்டிக்கொள்ளாது, காற்றும் உள்ளே போய்வரும். தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் விட்டுவிடுங்கள். தண்ணீர் ஊற்றிய பிறகு விரலை மண்ணுக்குள் விட்டு, ஈரம் உண்மையிலேயே இறங்கியதா என்று பாருங்கள்.

எந்தப் புல் என்பதும் முக்கியம். அருகம்புல்லின் ஒவ்வொரு கணுவும் வேர்விடும். பச்சையாகப் போட்டால் மூடாக்கே களையாக முளைக்கும். அதை மொறுமொறுவென்று காயவைக்காமல் தொட்டிக்குள் விடக் கூடாது. கதிர் விட்ட புல்லை ஒதுக்கிவிடுவது நல்லது. மூடாக்கு ஒளியை மறைப்பதால் சிறிய களை விதைகள் முளைக்காமல் கிடக்கும், ஏனென்றால் அவற்றில் பலவற்றுக்கு முளைக்க ஒளி வேண்டும். கோரை மட்டும் இதற்கெல்லாம் அடங்காது. அதன் கிழங்கில் சேமிப்பு இருப்பதால் புல்லைக் குத்திக்கொண்டு மேலே வரும். கிழங்கோடு தோண்டி எடுப்பது தவிர வேறு வழியில்லை. புல்தரைக்கு 2,4-டி போன்ற களைக்கொல்லி அடித்திருக்கிறார்களா என்று தோட்டக்காரரிடம் கேட்காமல் மூட்டையைத் தொடாதீர்கள். மிகச் சிறிய அளவே தக்காளி இலைகளை முறுக்கிச் சுருட்டிவிடும்.

சரியாகப் போட்ட மூடாக்கைச் சில வாரங்கள் கழித்து விரலால் விலக்கிப் பார்க்க வேண்டும். மேலே வெளிறிய வைக்கோல் நிறம். அதற்குக் கீழே பழுப்பு நிறத்தில், எடுத்தால் உதிரும் துண்டுகள். அவற்றைத் தைத்ததுபோல ஓடும் வெண்ணிற இழைகள் பூஞ்சைகள். அவை செடிக்கு வந்த நோயல்ல, புல்லின் நாரைச் செரிக்க வந்தவை. மண்ணைத் தொடும் இடத்தில் ஈரமான கரிய துகள், அதன் நடுவே கடுகளவு உருண்டைகளாக மண்புழு எச்சம். சென்னையில் மண்புழு ஆய்வுக்குப் பேர்போன சுல்தான் அகமது இஸ்மாயில் நம் மண்ணுக்கே உரிய புழுக்களைக் கொண்டு உரம் செய்ய வற்புறுத்தி வந்தவர். அவற்றில் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் என்ற இனம் மேலே கிடக்கும் குப்பையிலேயே வாழ்வது. லாம்பிட்டோ மாரிட்டி என்ற இனம் மண்ணுக்குள் வளை அமைத்து மேலே வந்து தின்பது. அந்த வளைகள் வழியாகத்தான் மழைநீர் ஆழத்துக்கு இறங்குகிறது. தரையில் தோட்டம் வைத்திருப்பவர்கள் புழுவை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஈரமும் உணவும் நிழலும் கிடைத்தால் அவை தாமாகவே வரும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் கணக்கு மாறிவிடும். ஐப்பசியில் ஈரத்தைக் காப்பாற்ற வேண்டிய தேவை இல்லை. மேற்கு மாம்பலம், அண்ணா நகர் பக்கத்துக் களிமண்ணில் நீர் வடியவே நேரம் பிடிக்கும். அதன் மேல் மூடாக்கும் கிடந்தால் நாற்றுகள் தண்டழுகிச் சாயும். பெரிய ஆப்பிரிக்க நத்தைகளுக்கும் அது பகல்நேர ஒளிவிடமாகிவிடும். இளஞ்செடிகளைச் சுற்றியுள்ள புல்லை அப்போது விலக்கிவிட வேண்டும். வளர்ந்த செடிகளுக்கு மெல்லிய அடுக்கு மட்டும் இருக்கட்டும். மழைத்துளி வேகமாக வந்து அடித்து மண்ணை இறுக்காமல் அது தாங்கிக்கொள்ளும். அந்த மாதங்களில் வெட்டும் புல்லைப் புல்தரையிலேயே விட்டுவிடலாம். அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினால் அது தரையில் மட்கி, புல்லுக்கு வேண்டிய தழைச்சத்தில் கால் பங்கு வரை திருப்பித் தரும். அதற்கும் மிஞ்சினால் ஒரு கூடை புல்லுக்கு இரண்டு கூடை சருகு என்று கலந்து மட்கும் தொட்டியில் போடுங்கள். பொங்கலுக்குப் பிறகு வெயில் ஏறத் தொடங்கும்போது, அந்த மட்கைத் தொட்டிகளில் முதலில் பரப்பிவிட்டு, அதற்கு மேல் அந்த ஆண்டின் முதல் உலர் புல்லைப் போடலாம்.