"யார் சார் மனு போட்டது?"

முக்கூடல் பக்கம் ஒரு பீடிக் கடை; பெண்களிடம் இலையும் தூளும் கொடுத்து, சுற்றிய பீடியை வாங்கிக்கொள்ளும் இடம். பஸ்ஸை விட்டு இறங்கி நான் உள்ளே நுழைந்ததும் கணக்கப்பிள்ளை கேட்ட முதல் கேள்வி இதுதான். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தொழிலாளர் துறை ஆய்வாளனாக அந்தக் கடைக்கு நான் போனதே அன்றுதான். ஆடிக்கொரு தடவை அமாவாசைக்கொரு தடவை வருகிறவன் வந்தால், பின்னால் ஒரு மனு இருக்கிறது என்று குழந்தைக்கும் தெரியும்.

இருக்கத்தான் செய்தது. ஆயிரம் பீடிக்குக் கொடுக்கும் இலை போதவில்லை, குறைக்குச் சொந்தக் காசில் இலை வாங்குகிறோம் என்று ஒரு பெண் எழுதியிருந்தார். "வழக்கமான ஆய்வு" என்று சொல்லிப் பதிவேட்டையும் தராசையும் பார்த்தேன். (தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதும் தமிழ்நாட்டில் எங்கள் துறை வேலைதான்.) ஒருவரும் நம்பவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பெண்ணின் பீடியில் கழிவென்று ஒதுக்குவது கூடிவிட்டது.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் தொழிலாளர் ஆய்வு பற்றிய 1947-ஆம் ஆண்டு 81-ஆம் உடன்படிக்கையை இந்தியா 1949-இல் ஏற்றது. புகார் கொடுத்தவர் யார் என்பதை மட்டுமல்ல, புகாரின் பேரில் வந்தோம் என்பதையே முதலாளியிடம் சொல்லக் கூடாது என்கிறது அதன் 15-ஆம் பிரிவு. வாயை மூடிக்கொண்டால் மட்டும் ரகசியம் காப்பாற்றப்படாது. 10, 11-ஆம் பிரிவுகள் கேட்கும் போதிய ஆட்கள், அலுவலகம், வண்டி, பயணச் செலவு எல்லாம் வேண்டும். நூறு சாதாரண ஆய்வு நடந்தால்தான் ஒரு மனு அவற்றுக்குள் ஒளிந்துகொள்ளும்.

எங்களுக்கோ காலியிடத்தின் கூடுதல் பொறுப்பு வேறு. பயணப்படிப் பட்டியல் மாதக்கணக்கில் கிடக்கும். ஆலங்குளம், கடையம், பாவூர்சத்திரம் என்று பஸ் மாறிப் போவதற்குள் செய்தி முந்திவிடும். "கார் அனுப்பட்டுமா?" என்று கேட்கும் முதலாளிகள் உண்டு. அதில் வந்து இறங்குகிறவனிடம் எந்தப் பெண் வாய் திறப்பாள்? அபராதப் பணத்தில் ஆய்வை நடத்தலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டாம். அது கருவூலத்துக்கே போகட்டும். ஆய்வுக்கு அரசு தனியாக ஒதுக்கட்டும்.

அதுவரை, பீடி சுற்றும் அக்காமார் மனுவில் தங்கள் கடையை மட்டும் குறிப்பிட வேண்டாம். பக்கத்து ஊர்க் கடைகளையும் சேர்த்துச் சங்கத்தின் பெயரில் எழுதுங்கள். கடையில் இலை, பீடிக் கணக்கு எழுதித் தரும் பாஸ்புக் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். வாங்கும் இலையின் எடையைத் தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

அடுத்த முறை அந்தப் பக்கம் போனபோது வரிசையாக ஏழு கடைகளில் ஏறி இறங்கினேன். மனு இருந்தது ஒன்றின் மீதுதான். பஸ் கட்டணம் என் சட்டைப்பையிலிருந்து போனது.