ஒன்பது டிஜிட் வந்துட்டா நானோசெகண்ட் துல்லியம் ஆயிடுமா?

பாக்கெட் வந்த, போன நேரத்தை நெட்வொர்க் கார்டே குறிக்கிறதுக்குப் பேர் ஹார்டுவேர் டைம்ஸ்டாம்ப். அது சம்பந்தமா மறுபடியும் ஒரு லாக் ஃபைல் வந்திருக்கு. "ஹார்டுவேர் டைம்ஸ்டாம்ப் ஆன் பண்ணிட்டோம், நானோசெகண்ட்லதான் வருது, ஆனா ரெண்டு கிளாக்கும் ஒத்துப்போக மாட்டேங்குது, ஸ்விட்ச்ல கோளாறா பாருங்க"ன்னு. கோடைத் திறந்தா வழக்கமான கதைதான். லினக்ஸ் கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையம்) பாக்கெட்டோட மூணு நேரத்தைத் திருப்பித் தரும், முதல் இடத்துல கெர்னல் குறிச்ச சாஃப்ட்வேர் நேரம், நடு இடம் இப்ப காலி, மூணாவதுதான் கார்டு குறிச்ச நேரம். இவங்க முதலாவதை எடுத்து வச்சுக்கிட்டு ஸ்விட்ச்சைத் திட்டிக்கிட்டு இருக்காங்க.

புள்ளிக்கு அப்புறம் ஒன்பது டிஜிட் இருக்குங்கிறது அந்த நம்பரை எழுதுற வடிவம், அவ்வளவுதான். அது எவ்வளவு சரின்னு அந்த டிஜிட்டுக்குத் தெரியாது. நீங்க பாக்கெட்டை வாங்கின பிறகு புரோகிராமுக்குள்ள மணி பார்க்கிறீங்கன்னா, அதுக்குள்ள பாக்கெட் முழுசா வந்து இறங்கி, கார்டு இன்னும் நாலு பாக்கெட் சேரட்டும்னு இன்டரப்டை (சிபியுவைக் கூப்பிடுற சிக்னல்) பிடிச்சு வச்சு, கெர்னல் பாக்கெட்டைத் தொட்டு, எந்த புரோகிராம் எப்ப ஓடணும்னு முடிவு பண்ற ஷெட்யூலர் மனசு வச்சு உங்க புராசஸை எழுப்பி, எல்லாம் முடிஞ்சுபோச்சு. லோடு இருந்தா மில்லிசெகண்ட் கணக்குலகூட போகும். "சராசரி எடுத்தா சரியாகிடும்ல?"னு கேட்பாங்க. ஆகாதுங்க! இந்தத் தப்பு ஒரே பக்கம்தான் சாயும், வாங்குற நேரம் எப்பவும் லேட்டாத்தான் பதிவாகும், ஒருநாளும் முன்கூட்டி பதிவாகாது. நெட்வொர்க் வழியா கிளாக்குகளை ஒத்துப்போக வைக்கிற முறை பிடிபி (PTP) ஆகட்டும் என்டிபி (NTP) ஆகட்டும், போற வழியும் வர்ற வழியும் ஒரே தாமதம்னு நம்பித்தான் ஆஃப்செட்டை, அதாவது ரெண்டு கிளாக்குக்கும் உள்ள இடைவெளியை, கணக்கு போடுது, ரெண்டு தாமதத்துக்கும் உள்ள வித்தியாசத்துல பாதி சத்தமில்லாம ஆஃப்செட்டுக்குள்ள போய் உட்காந்துக்கும். ஒரு மைக்ரோசெகண்ட்னா ஃபைபர்ல சிக்னல் சுமார் 200 மீட்டர் ஓடிடும், ஞாபகம் இருக்கட்டும்.

எந்த இடத்துல நேரம் குறிக்கிறாங்கங்கிறதும் முக்கியம். பிடிபி ஸ்டாண்டர்டுபடி ஃப்ரேமோட (ஒயர்ல போற வடிவத்துல பாக்கெட்) தொடக்கத்துல, ஃப்ரேம் இங்க ஆரம்பிக்குதுன்னு காட்டுற ஸ்டார்ட் டிலிமிட்டர் தாண்டின உடனே. 1500 பைட் 100 மெகாபிட் லிங்க்ல வந்து முடிய 120 மைக்ரோசெகண்ட் ஆகும், அதனால தொடக்கமா முடிவாங்கிறதுலயே உங்க பட்ஜெட் காலி. டிரைவர் எழுதுறவங்களே, மேக்ல (MAC, ஃப்ரேமைக் கையாளுற பகுதி) குறிக்கிறீங்களா, ஃபையிலயா (PHY, ஒயரோட பேசுற பகுதி), உள்ள இருக்கிற தாமதத்தைக் கழிச்சுட்டீங்களா, ஒரு வரி எழுதி வைங்களேன், புண்ணியமா போகும்.

எந்தக் கிளாக்குங்கிறது அடுத்த தலைவலி. கார்டுக்குள்ள தனியா ஒரு கிளாக் ஓடுது, பெரும்பாலும் டிஏஐ (TAI, லீப் செகண்ட் சேர்க்காத அணு நேரம்) கணக்குல, சிஸ்டம் கிளாக் யுடிசியில (UTC, லீப் செகண்ட் சேர்த்த உலக நேரம்). 2017 ஜனவரியிலேர்ந்து ரெண்டுக்கும் 37 செகண்ட் வித்தியாசம். வெறும் நம்பரை மட்டும் நீட்டுற ஏபிஐ (மத்த புரோகிராம் கூப்பிடுற இடைமுகம்) எழுதினா, யாராவது இந்தக் கிளாக்லேர்ந்து அந்தக் கிளாக்கைக் கழிக்காம விடமாட்டாங்க. நேரத்தோட கிளாக் அடையாளமும் சேர்ந்தே போகணும்.

அதனால முதல்ல லினக்ஸ்ல நெட்வொர்க் கார்டைப் பார்க்கிற ஈத்டூல் (ethtool) கமாண்ட்ல "-T" (பெரிய T) போட்டு கார்டுக்கு என்ன முடியும்னு பாருங்க. நிறைய கார்டு பிடிபி பாக்கெட்டுக்கு மட்டும்தான் நேரம் குறிக்கும், என்டிபி பாக்கெட் வந்தா கண்டுக்காது. எந்த பாக்கெட்டுக்கு நேரம் குறிக்கணும்னு ஃபில்டர் செட் பண்ணினதும் திரும்பி வர்ற மதிப்பைப் படிங்க, நீங்க கேட்டதைவிட அகலமா டிரைவர் வச்சிருக்கலாம். அந்த செட்டிங் முழு கார்டுக்கும் சேர்த்துதான், உங்க சாக்கெட்டுக்கு (புரோகிராமோட நெட்வொர்க் இணைப்பு) மட்டும் இல்ல, பக்கத்துல ஓடுற டீமனோட (பின்னணி புரோகிராம்) சண்டை வரும். நேரம் குறிக்கச் சொல்ற ஃபிளாக் வேற, அதை உங்களுக்குத் தரச் சொல்ற ஃபிளாக் வேற, ஒண்ணைப் போட்டு இன்னொண்ணை மறந்துட்டு "ஒண்ணுமே வரல"ன்னு மெயில் போடாதீங்க, ப்ளீஸ்.

அனுப்பின பாக்கெட்டோட நேரம் எரர் க்யூ (சாக்கெட்டோட தனி வரிசை) வழியா தாமதமா வரும், சில கார்டுல ஒரே சமயத்துல ஒரு பாக்கெட்டுக்குத்தான் இடம், அதனால சில நேரம் வராமலே போகும். ஐடி போட்டுப் பொருத்துங்க, வரலைன்னா அந்த சாம்பிளையே தூக்கிப் போட்டுடுங்க. காலி இடத்துல சாஃப்ட்வேர் நேரத்தை நைசா சொருகி வைக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.