வாடகை வீட்டுப் புரோக்கர் கமிஷன்: பணம் போனால் எந்த வாசலுக்குப் போவது?

வீடு பிடித்துத் தரும் புரோக்கருக்கு ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அது ஊர் வழக்கம், அவ்வளவுதான். கடலூரில் மஞ்சக்குப்பத்திலோ செம்மண்டலத்திலோ யாராவது ‘அரசு ரேட்’ என்றால் நம்ப வேண்டாம். பேசிக் குறைக்கலாம்; ஆனால் ஒப்புக்கொண்ட தொகையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

தகராறு பெரும்பாலும் டோக்கன் பணத்தில் தொடங்குகிறது. வீட்டைக் காட்டிய கையோடு பணம் வாங்கிக்கொள்வார்கள். வீட்டுக்காரர் மனம் மாறி வேறு ஆளுக்கு விட்டுவிடுவார். ‘காட்டிவிட்டேன், என் வேலை முடிந்தது’ என்பார் புரோக்கர். முடியவில்லை. தனி ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், ஏற்ற வேலை நிறைவேறிய பிறகுதான் முகவருக்குக் கூலி என்கிறது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 219. ‘காட்டுவதற்கே இவ்வளவு’ என்ற செய்திக்கு வாட்ஸ்அப்பில் நீங்கள் ‘சரி’ போட்டிருந்தால் கதை வேறு. ஆகவே பணம் அனுப்பும் முன், ‘வீடு அமையாவிட்டால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்’ என்று நீங்களே எழுதி அவருடைய பதிலை வாங்கிவிடுங்கள். ரொக்கம் வேண்டாம். அட்வான்ஸ் வீட்டுக்காரர் கணக்குக்கு மட்டுமே போக வேண்டும். புரோக்கர் கணக்கில் போட்டால், காலி செய்யும் நாளில் ‘என் கைக்கு வரவே இல்லை’ என்று வீட்டுக்காரர் சொல்ல இடம் கொடுத்ததாகிவிடும்.

பணம் போன பிறகுதான் அலைச்சல். காவல் நிலையத்தில் ‘இது சிவில் விவகாரம்’ என்பார்கள். ஒரே வீட்டுக்குப் பலரிடம் டோக்கன் வாங்கியிருந்தால் அது வெறும் சிவில் விவகாரம் அல்ல; இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 318 சொல்லும் மோசடி. புகாரில் அதை எழுதி, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம்.

ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை அலுவலகத்துக்கு மனு எழுதி நாளை வீணாக்காதீர்கள். 2016ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் விற்பனை முகவர்களுக்கானது. விசிட்டிங் கார்டில் ரெரா எண் மின்னினாலும் வாடகைக் கமிஷன் அதற்குள் வராது. வாடகை அதிகாரியிடம் போனால், அவர் பார்ப்பது வீட்டுக்காரருக்கும் வாடகைதாரருக்கும் இடையிலான பிணக்கை. அட்வான்ஸுக்கு அவர் உதவலாம். அங்கும் ஒரு கண்ணி இருக்கிறது: 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும். ‘பதினொரு மாதம்தானே, பதிவு எதற்கு’ என்று சொல்லித் தருகிற தாள் அங்கே செல்லாது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்பதும், பத்து மாதத்துக்குச் சம்மதித்து நீங்களே கையெழுத்திட்டிருந்தால் கைகொடுக்காது. புதுச்சேரியில் லாஸ்பேட்டையிலோ ரெட்டியார்பாளையத்திலோ வீடு எடுத்தவர்களுக்கு இந்தத் தமிழ்நாட்டுச் சட்டமே பொருந்தாது.

கமிஷனுக்கு உருப்படியான வாசல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கூலி வாங்கிச் செய்த வேலையில் குறை என்பதுதான் வழக்கு. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை மனுக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். புரோக்கர் புதுச்சேரிக்காரராக இருந்தாலும், கடலூரில் குடியிருப்பவர் கடலூரிலேயே வழக்குப் போடலாம். ‘அந்த ஊருக்குப் போங்கள்’ என்று திருப்பி அனுப்பினால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 34ஐக் காட்டுங்கள். மூன்று மாதத்தில் முடிப்பதாகச் சட்டம் சொல்கிறது. அதை நம்பி நாள் குறித்துக்கொள்ள வேண்டாம்.

பல வழக்குகள் முளையிலேயே கருகுவது முகவரி இல்லாமல்தான். கார்டில் ஒரு கைபேசி எண்ணும் ‘குமார் புரோக்கர்’ என்ற பெயரும் இருந்தால் நோட்டீஸ் யாருக்குப் போகும்? முதல் ரூபாய் கை மாறும் முன்பே முழுப் பெயரையும் கதவு எண்ணையும் வாங்கிவிடுங்கள். வழக்குக்கு முன், பணம் அனுப்பிய நாள், தொகை, கேட்கும் காரணம் மூன்றையும் எழுதி, பதினைந்து நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பணம் பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே திரும்பிவிடுகிறது. எழுத ஆள் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்குச் சட்ட உதவி தர வருமானச் சான்று கேட்கக் கூடாது, கேட்பார்கள், கொடுக்காதீர்கள்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது ‘அரை மாதக் கமிஷன்’ கேட்டு வருகிறவரிடம், அதற்கு நீங்கள் ஒப்புக்கொண்ட எழுத்து எங்கே என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் ஒப்புக்கொள்ளவே இல்லையென்றால் கொடுக்கத் தேவையில்லை.