பெயரில் மட்டும் சிவப்பு

'ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். கொலொராதோ என்றால் வண்ணமயமானது என்றுதான் நினைத்தேன். அகராதியில் சிவப்பு என்று இருக்கிறதே?' என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

அகராதி சொல்வதுதான் சரி. 'நிறமேற்றியது' என்பதுதான் வேர்ப்பொருள். ஆனால் வழக்கில் அது சிவப்பாகவே நிலைத்துவிட்டது. வெட்கத்தில் ஒருவன் முகம் சிவந்தால் 'ஸெ பூஸோ கொலொராதோ'. பெண் என்றால் கொலொராதா. அர்ஜென்டினாவின் மிசியோனெஸ் மாகாணத்துச் செம்மண்ணும் 'தியெர்ரா கொலொராதா'தான். பல வண்ணச் சேலைக்குக் 'கொலொரீதோ' என்ற வேறு சொல் இருக்கிறது.

அமெரிக்காவின் கொலராடோ ஆற்றுக்கு ஸ்பானியர்கள் இந்தப் பெயரை வைத்ததும் நிறத்தைப் பார்த்துத்தான். ஆனால் இன்று கிளென் கேன்யன் அணைக்குக் கீழே போய்ப் பார்த்தால் தண்ணீர் பச்சையாக ஓடுகிறது!

சிவப்புக்குக் காரணம் ஆறு சுமந்துவந்த மண்ணில் இருக்கும் இரும்பு ஆக்சைடு, அதாவது துருவின் உறவுக்காரன். நீலத்தையும் பச்சையையும் விழுங்கி, சிவப்பைத் திருப்பியனுப்பும். பள்ளியில் படித்ததுதான். அந்த மண் எங்கே போனது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

ஒரு கண்ணாடி டம்ளரில் செம்மண்ணைக் கரைத்து வையுங்கள். மணல் உடனே அடியில் உட்காரும். மேலே உள்ள கலங்கல் மறுநாளும் தெளியாது. துகளின் விட்டம் பத்தில் ஒரு பங்கானால் எடை ஆயிரத்தில் ஒரு பங்காகிறது. அதைத் தடுக்கும் நீரின் பிசுக்கு விசையோ பத்தில் ஒரு பங்குதான் குறைகிறது. ஆகவே விழும் வேகம் நூறில் ஒரு பங்கு. அசையாத நீரில் 0.1 மில்லிமீட்டர் மணல் ஒரு மீட்டர் இறங்கச் சுமார் 2 நிமிடம். 0.01 என்றால் 3 மணி நேரம். 0.001 மில்லிமீட்டர் களிமண்ணுக்கு ஏறக்குறைய 13 நாள்!

ஓடும் ஆற்றில் சுழிகள் அந்தத் துகளை ஓயாமல் மேலே தூக்கிவிட்டுக்கொண்டே இருக்கும். 1963-இல் அணையின் மதகுகள் மூடப்பட்டன. பின்னால் தேங்கிய பவல் ஏரி நிறைந்தால் சுமார் 300 கிலோமீட்டர் நீளம். சுழி அடங்கிய நீரில் மண்ணுக்கு வேண்டிய அவகாசம் கிடைத்துவிட்டது. அணையின் ஆழத்திலிருந்து வெளியே வருவது தெளிந்த, குளிர்ந்த நீர். கலங்கலான வெதுவெதுப்பில் பழகிய உள்ளூர் மீன்கள் திண்டாடின. மணல் வராமல் கரைத்திட்டுகள் கரைந்தன. 1996-இல் மதகைத் திறந்து செயற்கை வெள்ளம் விட்டு, ஆற்றடி மணலைக் கரையேற்றிப் பார்த்தார்கள். தினம் ஒரு புட்டி ஆற்றுநீர் மொண்டு மண்ணை எடைபோடும் சலிப்பூட்டும் வேலையைப் பல ஆண்டுகள் செய்தவர்கள் இருந்ததால்தான் இதெல்லாம் யோசிக்கவே முடிந்தது. அந்த மாதிரி வேலைக்குப் பணம் கேட்டால் எந்த நாட்டிலும் முகம் சுளிக்கிறார்கள். ஆறு சிவந்தால் அபசகுனம் என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்குத்தான் செலவே இல்லை.

கோடை மழை கொட்டினால் அணைக்குக் கீழே பரியா என்ற கிளையாறு செம்மண்ணைச் சுமந்துகொண்டு வந்து சேரும். அப்போது கொஞ்ச தூரம் ஒரு கரையோரம் பச்சை, மறு கரையோரம் கொலொராதோ.