‘வாழிடம்’ இருக்கக் ‘குடியிருப்பு’ எதற்கு?

2024 ஜூன் 14ஆம் தேதி சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் முனையத்தில் தூர்வாரும் கப்பல் ஒன்று, நின்றிருந்த எரிபொருள் கப்பலில் மோதி ஏறத்தாழ 400 டன் எண்ணெய் கடலில் கசிந்தது. மாசு பற்றிய பேச்சு பெருகப் பெருக, “மீன்களின் குடியிருப்பு”, “வனவிலங்குக் குடியிருப்புகள்” போன்ற தொடர்களும் மொழிபெயர்ப்புகளில் பெருகிவிட்டன. ஓர் உயிர் இயல்பாக வாழும் இடத்தைக் குறிக்கும் ‘ஹேபிடாட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் ‘குடியிருப்பு’ பொருந்தாது.

அச்சொல் இலத்தீனில் ‘வாழ்கிறது’ என்று பொருள்படும் வினைமுற்று. இயற்கை நூலார் ஓர் உயிர் எங்கே வாழ்கிறது என்று குறிக்க எழுதியது, பின்னர் அவ்விடத்திற்கே பெயராயிற்று.

‘குடி’ என்பது குடும்பத்தையும் குலத்தையும் உணர்த்துவது. குடியிருத்தல் மனிதர் ஓரிடத்தில் நிலையாகத் தங்குவது. சுங்கை பூலோவின் சேற்றுநிலத்திற்கு வலசை வரும் உள்ளான்கள் சில மாதம் இரை தேடிவிட்டு வடக்கே திரும்புகின்றன. அவற்றைக் குடியிருப்பாளர் என்பது நகைப்புக்குரியது. சிங்கப்பூரில் இடர் இன்னும் பெரிது. இங்கே குடியிருப்பு என்றதும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடிதான் நினைவுக்கு வரும். “குடியிருப்பு மேம்பாடு” என்ற தலைப்பைப் பார்ப்பவர், மின்தூக்கி எப்போது புதிதாகும் என்று தேடுவாரேயன்றிக் கடற்புல்லையோ பவளப்பாறையையோ நினைக்கமாட்டார்.

‘உறைவிடம்’ என்போரும் உளர். அது ஓரளவு அழகிய சொல்லே. ஆயினும் வளை, கூடு, புற்று ஆகியவற்றுக்கே அது பொருந்தும். நீர்நாய் குட்டி ஈனும் வளை அதன் உறைவிடம். மீன் பிடிக்கும் ஆறு, உடல் உலர்த்தும் கரை, வளை ஆகிய எல்லாம் சேர்ந்ததே அதன் வாழிடம். இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சியோடு நிற்பதன்று. எண்ணெய் படிந்து கண்டல் மரங்களின் மூச்சுவேர்த் துளைகள் அடைபட்டு மரங்கள் மடிந்தால், வளைகளும் கூடுகளும் அப்படியே இருந்தாலும், அக்காட்டில் குஞ்சாக வளரும் மீனும் நண்டும் இடமிழக்கும். ‘உறைவிடம்’ என்ற சொல்லில் இந்த இழப்பு அடங்குவதில்லை.

‘வாழிடம்’ உயிரியல் நூல்களில் நெடுநாளாக வழங்கும் சொல். வினைத்தொகையாதலால் வாழ்ந்த, வாழ்கின்ற, வாழும் இடம் என முக்காலத்துக்கும் பொருந்துகிறது. உயிர்கள் நீங்கிப்போன இடத்தை மீட்பது பற்றிப் பேசும்போது இது பெரிதும் உதவும். திணைதோறும் விலங்கையும் புள்ளையும் மரத்தையும் கருப்பொருளாகச் சேர்த்தெண்ணிய மொழிக்கு, இக்கருத்தைச் சொல்ல வீட்டு விளம்பரச் சொல்லைக் கடன் வாங்க வேண்டிய நிலை இல்லை. அகராதியின் முதற்பொருளை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்கு நகரும் மொழிபெயர்ப்பாளர்களுக்குத்தான் அந்த நிலை.

‘வாழ்விடம்’ என எழுதுவோரோடு எனக்கு வழக்கில்லை. அது ‘வாழ்வு’ என்ற பெயரோடு சேர்ந்து மக்களின் ஊரையும் மண்ணையும் குறிக்கவே மிகுதியும் வழங்குவதால், அறிவியல் எழுத்தில் வாழிடம், வாழிட இழப்பு, வாழிட மீட்பு என்றே எழுதலாம்.