“கையெழுத்துப் போட மாட்டேன்” என்று துணை மிரட்டினால்: இரண்டு வருட கிரீன் கார்டில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

அந்தப் பெண் கைப்பையிலிருந்து கிரீன் கார்டை எடுத்து என் மேசையில் வைத்தார். பெயரைப் படிப்பதற்கு முன்பே என் கண் போனது இரண்டு இடங்களுக்கு. வகை என்ற இடத்தில் ‘சிஆர்6’, திருமணம் மூலம் கிடைக்கும் இரண்டு வருடக் கார்டின் குறியீடு. காலாவதி தேதிக்கு இன்னும் ஏழு வாரம். அவர் வீட்டை விட்டு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. தோழி வீட்டு ஹாலில் தங்கியிருந்தார்.

“கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லிட்டார் மேடம். கார்டு முடியுற அன்னைக்கே நான் ஊருக்குக் கிளம்பணுமா?”

அமெரிக்காவில் குடிவரவு வழக்குகள் நடத்தும் நான் இந்தக் கேள்வியைத் தமிழில் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். பெண்கள் மட்டுமல்ல, மனைவி மூலம் வந்த ஆண்களும் கேட்கிறார்கள். கூச்சத்தால் அவர்கள் இன்னும் தாமதமாக வருகிறார்கள். கிளம்ப வேண்டியதில்லை என்பதுதான் பதில். பிரிந்து வாழ்வதாலேயே அந்தக் கார்டு போய்விடாது. பயந்துபோய் எதுவும் செய்யாமல் இருந்தால்தான் போகும்.

கிரீன் கார்டு கிடைக்கும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டு நிறையவில்லை என்றால், பத்து வருடக் கார்டு தர மாட்டார்கள். இரண்டு வருடக் கார்டுதான். போலித் திருமணங்களைத் தடுக்க 1986இல் வந்த சட்டம் இது. அந்த இரண்டு ஆண்டு முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து கையெழுத்திட்டு, இரண்டு வருட நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 படிவத்தைக் குடிவரவுத் துறைக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் இரண்டாம் ஆண்டு முடியும் நாளில் உரிமை தானாகவே முடிவுக்கு வரும். பிறகு நாடுகடத்தல் நீதிமன்ற நோட்டீஸ் வரும்.

திருமணம் “நீதிமன்றத்தால் ரத்தாகவோ முடிவுக்கு வரவோ கூடாது” என்பதுதான் சட்டம் கேட்பது. ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. அதிகாரி பார்ப்பது, கல்யாணம் செய்துகொண்ட நாளில் சேர்ந்து வாழும் எண்ணம் இருவருக்கும் இருந்ததா என்பதைத்தான். 1975இல் பார்க் என்பவரின் வழக்கில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: பின்னால் பிரிந்தார்கள் என்பதை மட்டும் வைத்து ஒரு திருமணத்தைப் போலி என்று முடிவுகட்ட முடியாது.

பிரிந்திருந்தாலும் இருவரும் ஒத்துக்கொண்டால் சேர்ந்தே மனுப் போடலாம். ஆனால் தனித்தனி முகவரியை மறைக்காதீர்கள். “ஒரே அட்ரஸ் போட்டுடுங்க, யாருக்குத் தெரியும்” என்று சொல்லும் நண்பர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பொய் சொன்னால் தண்டனை என்ற உறுதிமொழியின் கீழ் கையெழுத்திடும் படிவம் அது. உண்மையான திருமணத்தை ஒரு பொய் முகவரியால் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

துணை கையெழுத்துப் போட மறுத்தால், தனியாகவே மனுப் போட வழி இருக்கிறது. இதை ‘வெய்வர்’ என்பார்கள். உண்மையாக நடந்த திருமணம் விவாகரத்தில் முடிந்திருந்தால் போடலாம். அடி, உதை, கடுமையான கொடுமை இருந்தால் போடலாம். நாடு திரும்ப நேர்ந்தால் மிகக் கடுமையான பாதிப்பு வரும் என்று காட்டியும் போடலாம். துணை இறந்துபோயிருந்தாலும் தனி மனு உண்டு. வெய்வருக்கு அந்த 90 நாள் கணக்கு கிடையாது. கார்டு கிடைத்த பிறகு எப்போது வேண்டுமானாலும் போடலாம்.

விவாகரத்து வழியில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதிகம் பேர் தடுமாறுவது அங்கேதான். வழக்குப் போட்டிருந்தால் போதாது, இறுதித் தீர்ப்பு வேண்டும். ‘லீகல் செபரேஷன்’ உத்தரவும் போதாது, ஏனென்றால் அதில் திருமணம் முடிவதில்லை. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் எழுதிய பத்திரத்தை ஒருவர் பத்திரமாக லேமினேட் செய்து கொண்டுவந்தார். அதை வைத்து எதுவும் செய்ய முடியவில்லை. தீர்ப்புக்கோ நாளாகும். கலிஃபோர்னியாவில் எதிர்த்தரப்புக்கு மனு சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம், டெக்சஸில் வழக்குப் போட்ட நாளிலிருந்து 60 நாள். இந்தியாவில் பரஸ்பர சம்மத விவாகரத்து என்றால் ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்த பிறகுதான் மனுவே போட முடியும். அதன் பின் ஆறு மாதக் காத்திருப்பு. அதைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. காலாவதி தேதியை வைத்துப் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள், எப்போது வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும் என்பது தெரியும்.

தீர்ப்பு வருவதற்குள் கார்டு முடிகிறதென்றால் வெய்வர் மனுவை முதலில் அனுப்பிவிடலாம். ரசீதுக் கடிதம், 2023 ஜனவரி முதல் உள்ள நடைமுறைப்படி, கார்டை 48 மாதம் நீட்டிக்கிறது. விவாகரத்துத் தீர்ப்பை அனுப்பச் சொல்லி அவர்களிடமிருந்து பிறகு கடிதம் வரும். பதிலுக்கு வழக்கமாக 87 நாள். மனு நிராகரிக்கப்பட்டாலும் புதிதாகப் போடலாம், குடிவரவு நீதிபதியும் அதைப் பரிசீலிப்பார்.

இப்போது எனக்கு மிகவும் வலிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். “ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரும்மா, கார்டு கையில வந்ததும் பாத்துக்கலாம்.” பெற்ற தாயே போனில் இப்படிச் சொல்கிறார். மகளின் எதிர்காலத்தை நினைத்துத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆனால் சட்டம் அந்தப் பெண்ணைப் பல்லைக் கடிக்கச் சொல்லவில்லை. கொடுமை என்ற அடிப்படையில் மனுப் போட விவாகரத்தே தேவையில்லை, துணையின் சம்மதமும் தேவையில்லை. கை நீட்டினால்தான் கொடுமை என்றும் இல்லை. சம்பளத்தைப் பறித்துக்கொள்வது, போனைப் பிடுங்குவது, “உன்னை நாடு கடத்திடுவேன்” என்று தினமும் மிரட்டுவது எல்லாமே கணக்கில் வரும். அந்த மனுவைப் பற்றிய தகவலைக் குடிவரவுத் துறை கொடுமை செய்தவரிடம் சொல்லக் கூடாது. வீட்டில் ஆபத்து என்றால் தேசியக் குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.

“ஸ்பான்சர்ஷிப்பை வாபஸ் வாங்கிடுவேன்” என்பது இன்னொரு மிரட்டல். கார்டு வந்த பிறகு அதை வாபஸ் வாங்க முடியாது. ஸ்பான்சராகக் கையெழுத்திட்டவரின் பொறுப்பு விவாகரத்தாலும் முடிவதில்லை.

“கொஞ்ச நாள் அம்மா வீட்டுல இருந்துட்டு வா” என்று டிக்கெட் எடுத்துக் கொடுத்து, கார்டைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. சண்டை நடக்கும் நேரத்தில் தனியாக ஊருக்குப் போகச் சொன்னால், கார்டும் பாஸ்போர்ட்டும் உங்கள் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் ஐ-131ஏ படிவம் போட்டு, அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் பயண ஆவணம் கேட்கலாம். ஆனால் ஊரில் ஒரு வருடத்தைத் தாண்டவிடாதீர்கள், திரும்பி வருவது மிகக் கடினமாகிவிடும்.

திருமணம் உண்மையானது என்று காட்டும் காகிதங்களை இன்றே சேர்க்கத் தொடங்குங்கள். வீட்டு வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, இன்சூரன்ஸ், இருவரையும் அறிந்த குறைந்தது இரண்டு பேரின் உறுதிமொழிக் கடிதம். ஃபைல் முழுவதும் துணையிடம் இருந்தாலும் கவலை வேண்டாம். சேர்ந்து தாக்கல் செய்த வருமான வரிப் படிவத்தின் நகலை அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ்ஸிடம் இருவரில் யார் கேட்டாலும் கிடைக்கும். வாட்ஸ்அப்பில் “பால் வாங்கிட்டு வாங்க”, “பஸ் ஏறிட்டேன்” என்று இருக்கும் செய்திகளைக்கூட அழிக்காதீர்கள். கல்யாண ஆல்பத்தைவிட அவைதான் ஒரு குடித்தனத்தைக் காட்டும்.

வேலை விசாவில் வந்தவரின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில் இருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. அங்கே விவாகரத்துத் தீர்ப்போடு விசா தகுதி முடிந்துவிடும். தீர்ப்புக்கு முன்பே வேறு வழி பார்க்க வேண்டும். அமெரிக்கக் குடிமகனைத் திருமணம் செய்தவர்களுக்கு மூன்று ஆண்டில் கிடைக்கும் குடியுரிமைச் சலுகையும் பிரிந்து வாழ்ந்தால் பொதுவாகக் கிடைக்காது. மற்றவர்களைப் போல ஐந்து ஆண்டு.

தோழி வீட்டு ஹாலில் தங்கியிருந்த அந்தப் பெண்ணிடம் அன்று நான் முதலில் செய்யச் சொன்னது முகவரி மாற்றம். வீடு மாறிய 10 நாட்களுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தபால் நிலையத்தில் மட்டும் மாற்றினால் போதாது. இல்லையென்றால் கடிதமெல்லாம் பழைய வீட்டுப் பெட்டியில் விழும், அந்தப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் என் அலுவலகத்திலேயே உட்கார்ந்து போனில் மாற்றினார். அதே வாரம் விவாகரத்து வழக்கும், கார்டு முடிவதற்குப் பத்து நாள் முன்பு வெய்வர் மனுவும் போனது. தீர்ப்பு கேட்டு வந்த கடிதம் தோழி வீட்டுக்கே வந்தது. 87 நாளில் 61ஆவது நாள் தீர்ப்பின் சான்றளித்த நகலைக் கொண்டுவந்து, அன்று கார்டை வைத்த அதே இடத்தில் வைத்தார்.