இமேஜ்: வேடமா, பிம்பமா, படிமமா?

“அந்த ஒரு பேட்டியில இமேஜே போச்சு” என்று பாடகர்களைப் பற்றிச் சகஜமாகப் பேசிக்கொள்கிறோம். ‘பேர் கெட்டுப்போச்சு’ என்றாலும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் பேர் ஒருவர் செய்ததை வைத்து வருவது. இமேஜ் அவர் எப்படித் தெரிகிறார் என்பதை வைத்து வருவது.

பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. மூலம் லத்தீன் ‘இமாகோ’: உருவம், சாயல். பண்டைய ரோமில் உயர்குடியினர் தங்கள் முன்னோரின் முகச்சாயலை மெழுகில் செய்து வீட்டில் வைத்திருந்தார்கள். வீட்டில் சாவு விழுந்தால் ஆட்கள் அந்த முகங்களை மாட்டிக்கொண்டு ஊர்வலத்தில் நடப்பார்கள். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் போலிபியஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் இதை விவரித்திருக்கிறார். அந்த மெழுகு முகத்துக்கும் இமாகோ என்றுதான் பெயர். மாட்டலாம், கழற்றலாம்.

இதைப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் ஆங்கில ராக் பாடகர் டேவிட் போவி. 1947இல் லண்டன் பிரிக்ஸ்டனில் பிறந்த டேவிட் ஜோன்ஸ். ‘மங்கீஸ்’ இசைக்குழுவின் பாடகர் டேவி ஜோன்ஸோடு பெயர் குழம்பும் என்று போவி ஆனார். 1972இல் செம்பட்டை முடியோடு ‘ஸிகி ஸ்டார்டஸ்ட்’ என்ற கற்பனைப் பாடகனாக மேடையேறினார்; புகழ் கொட்டியது. 1973 ஜூலை 3 அன்று ஹாமர்ஸ்மித் ஓடியன் அரங்கில், இதுதான் கடைசி நிகழ்ச்சி என்று அறிவித்து ஸிகியை முடித்துவிட்டார். கூட வாசித்தவர்களில் சிலருக்கே அது மேடையில்தான் தெரிந்தது. 1976இல் வெள்ளைச் சட்டை, கறுப்பு வெய்ஸ்ட்கோட், படிய வாரிய தலை. முகத்தில் ஒரு குளிர்ச்சி. 1983இல் பொன்னிற முடியோடு உலகமே ஆடிய நடனப் பாட்டுக்காரர். பதினோரு வருஷத்தில் இத்தனை ஆட்கள்!

சரி, தமிழில் என்ன சொல்வது? அவர் போட்டுக்கொண்டது வேடம். அதில் சந்தேகமில்லை. ஆனால் இமேஜ் பார்ப்பவர் மனசில் இருப்பது. அதற்குப் பத்திரிகைகள் ‘பிம்பம்’ என்று எழுதுகின்றன. வடமொழிச் சொல், நன்றாகவே பழகிவிட்டது. எனக்கு அதில் ஒரு குறை. கண்ணாடிப் பிம்பம் ஆள் நகர்ந்தால் கூடவே நகர்ந்துவிடும். மக்கள் மனசில் இருப்பது அப்படி நகர்வதில்லை.

என் விருப்பம் ‘படிமம்’. வடமொழி ‘பிரதிமா’வின் திரிபு என்பாரும் உண்டு, தமிழ் ‘படி’யிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. எப்படியானாலும் காதில் விழுவது படிதல்தான், ஆற்று வண்டல் மாதிரி. தொல்காப்பியப் பாயிரம் ஆசிரியரைப் ‘பல்புகழ் நிறுத்த படிமையோன்’ என்கிறது. அங்கே படிமை என்பது தவக்கோலம். புகழும் தோற்றமும் ஒரே அடியில் சேர்ந்து நிற்பதைப் பாருங்கள்! கவிதை விமர்சனத்தில் படிமத்துக்கு வேறு வேலை இருப்பதால், ‘பொதுப்படிமம்’ என்று எழுதினால் குழப்பம் வராது.

1973இல் ஓர் இசைத்தட்டு அட்டைக்காகப் போவியின் முகத்தில் சிவப்பும் நீலமுமாக ஒரு மின்னல் வரைந்தார்கள். நெற்றியில் தொடங்கி வலது கண் வழியாகக் கன்னத்துக்கு இறங்கும். அதற்கப்புறம் எத்தனையோ வேடம் மாற்றினார். 2016 ஜனவரி 10 அன்று அவர் இறந்தபோது, பிரிக்ஸ்டனில் அந்த மின்னல் முகம் தீட்டியிருந்த சுவரின் அடியில்தான் ஜனங்கள் பூ வைத்தார்கள்.